உஷார்! பல்பசை தேய்த்த ஹெட்லைட்டை நம்பி மலை ஏறாதீர்கள்

போடிமெட்டு, குமுளி, கம்பம்மெட்டு, சின்னாறு, வாளையாறு, ஆனைகட்டி. இதில் எந்த வழியாக இரவில் கேரளத்துக்குள் போவதாக இருந்தாலும் சரி, வண்டியை எடுப்பதற்கு முன் காரின் முகத்துக்கு நேரே போய் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஹெட்லைட்டுக்குள் இருக்கும் பல்பும், அதன் பின்னால் உள்ள வெள்ளி நிறக் கிண்ணமும் பளிச்சென்று தெரிகின்றனவா? இல்லை, விளக்கின் முன்மூடி மோர் குடித்து வைத்த கண்ணாடி டம்ளர் போல வெளுத்தும் மஞ்சள் பாய்ந்தும் கிடக்கிறதா? அப்படிக் கிடந்தால் அந்த வண்டி இன்றிரவு மலை ஏற வேண்டாம்.

மஞ்சளைப் போக்குகிறேன் என்று வீட்டிலேயே கை வைத்தவர்களும், இந்த ஞாயிற்றுக்கிழமை கை வைக்கலாம் என்று இருப்பவர்களும் இன்னும் கவனமாகப் படியுங்கள். செல்போனில் சுற்றிவரும் வித்தைகளில் பல, விளக்கைச் சில நாள் பளபளக்க வைத்துவிட்டுப் பிறகு முன்பு இருந்ததைவிட மோசமாக்குகின்றன. அவற்றில் ஒன்று, செய்கிறவரின் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. அதைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன், மங்கிய விளக்கு வெறும் அழகுக் குறைதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, வெயிலில் மங்கிப்போன ஹெட்லைட்டுகளை அளந்து 2018இல் முடிவை வெளியிட்டது. புது விளக்கு தரும் வெளிச்சத்தில் 22 சதவீதம்தான் அவற்றிலிருந்து வந்தது. இவ்வளவு பெரிய இழப்பு ஓட்டுபவருக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், அது ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வருவதுதான். கண் பழகிவிடுகிறது. வயதாகிறது, பார்வை குறைகிறது என்று தன்னையே குறை சொல்லிக்கொள்கிறவர்களும் உண்டு.

வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கானால், சாலையில் கண்ணுக்கு எட்டும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். டிம்மில் 80 மீட்டர் தள்ளி நிற்பதைக் காட்டிய வண்டி, இப்போது 40 மீட்டருக்குள் வந்த பிறகுதான் காட்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. எதிரில் ஏதோ இருக்கிறது என்று உணர்ந்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று வையுங்கள். அதற்குள் 25 மீட்டர் போய்விட்டது. காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக 45. மழை ஈரத்தில் 60 மீட்டர் ஆகும், இறக்கத்தில் அதற்கும் மேல். எதிரில் நிற்பது கண்ணில் படும்போதே, நிறுத்துவதற்கான தூரம் தீர்ந்துபோயிருக்கும்.

காணாமல்போன வெளிச்சத்தின் ஒரு பகுதி, மங்கிய மூடியில் பட்டுக் கண்டபடி சிதறுகிறது. டிம் ஒளிக்கு மேலே ஒரு கோடு போட்டதுபோல விளிம்பு உண்டு. எதிரே வருபவரின் கண் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும்படிதான் விளக்கை வடிவமைத்திருக்கிறார்கள். மூடி மங்கினால் அந்தக் கோடு கலைந்துவிடும். நமக்குச் சாலை தெரியாது, எதிரே வருபவருக்கோ கண் கூசும். மூடுபனியில் இது இரட்டிப்பாகும். மேலே சிதறிய ஒளி பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வந்து வெள்ளைத் திரையாக நிற்கும்.

இந்தக் கணக்கை நம் சாலைகளில் வைத்துப் பாருங்கள். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் பூப்பாறை, சின்னக்கானல், மூணாறு வரை ஏலத்தோட்டமும் தேயிலையும் மஞ்சும்தான். சின்னக்கானல் பகுதியில் சுற்றிய அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. மூணாறு, மறையூர் பக்கம் படையப்பா என்ற காட்டு யானை நடுச்சாலையில் வந்து நிற்பது அந்த வழியில் போகும் எல்லோருக்கும் தெரியும். உடம்பெல்லாம் மண் பூசிக்கொண்டு நிற்கும் யானை, ஒளியைத் திருப்பி அனுப்பாது. மங்கிய விளக்கில் அது இருட்டோடு இருட்டாகத்தான் நிற்கும்.

யானையைவிட எனக்குப் பயம், நடந்து போகிற மனிதர்களை நினைத்துத்தான். கம்பம், தேவாரம், போடி பக்கங்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியும் முன்பே ஜீப்புக்காகச் சாலையோரம் நிற்கிறார்கள். தோட்டத்து லயங்களிலிருந்து பிள்ளைகள் மஞ்சுக்குள் நடந்து வருகிறார்கள். கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்கள் குமுளிச் சாலையில் இரவெல்லாம் நடக்கிறார்கள். கறுப்புத் துணிக்கும் கறுத்த சாலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட நல்ல விளக்கே திணறும்.

பழைய ஜீப்புக்கும் அம்பாசடருக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் வட்ட விளக்குகளுக்கு முன்னால் இருந்தது நிஜக் கண்ணாடி. கல் பட்டால் உடையும், ஆனால் மஞ்சளாகாது. இன்றைய கார்களில் நாம் ஹெட்லைட் கண்ணாடி என்று சொல்வது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எடை குறைவு, எந்த வடிவத்திலும் வார்க்கலாம், கல்லடியும் தாங்கும். ஆனால் வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் அதற்குப் பகை. அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன் மேல் தலைமுடியைவிட மெல்லியதாகக் கடினமான ஒரு பூச்சைப் பூசி அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு இருக்கும்வரை விளக்கு தெளிவாக இருக்கும். வெயிலும் தூசும் அதை அரித்து, நுண்ணிய வெடிப்புகள் விட்டு உரியத் தொடங்கும்போதுதான் மஞ்சள் ஆரம்பிக்கிறது.

நம் பகுதி இதற்குத் தோதான இடம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை பக்கமெல்லாம் புழுதியை வாரி அடிக்கிறது. பங்குனி, சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே வந்தது. சரி, மூணாறு குளிர்தானே என்றால், குளிருக்கும் புறஊதாக் கதிருக்கும் சம்பந்தம் இல்லை. ஆயிரம் மீட்டர் உயரம் கூடினால் அந்தக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

இனி வீட்டு வைத்தியங்களுக்கு வருகிறேன்.

பல்பசையில் இருப்பது மெல்லிய சுண்ணாம்பு அல்லது சிலிக்கா தூள். அது மேலாக உள்ள மஞ்சளைக் கொஞ்சம் தேய்த்து எடுக்கும், உண்மை. கூடவே எஞ்சியிருக்கும் பாதுகாப்புப் பூச்சையும் தேய்த்து எடுக்கும். பிறகு பிளாஸ்டிக் வெறும் உடம்போடு வெயிலில் நிற்கும். முதல் மஞ்சள் வர ஆண்டுகள் ஆகியிருக்கும். அடுத்தது சில மாதங்களில், சில சமயம் சில வாரங்களிலேயே வந்துவிடும். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எல்லாம் இன்னும் வீண் வேலை. எண்ணெய் அந்த நுண் வெடிப்புகளை நிரப்பிக்கொண்டு பளபளப்புக் காட்டும், முதல் மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த முதல் மழை, நீங்கள் குமுளி இறக்கத்தில் இருக்கும்போது வரலாம்.

கொசு விரட்டும் ஸ்ப்ரே அடித்துத் துடைக்கும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். டீட் என்ற மருந்து கலந்த ஸ்ப்ரேக்கள் பிளாஸ்டிக்கையே இளக வைக்கும். நீங்கள் காணும் பளபளப்பு, மேல்தோல் கரைந்து வழவழப்பானதால் வந்தது. காய்ந்த பிறகு அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து முன்னைவிட மங்கும். தின்னரையும் பெட்ரோலையும் அசிட்டோனையும் கிட்டவே கொண்டு போகாதீர்கள். பாலிகார்பனேட் மீது பட்டால் மூடி வெளுக்கும், உள்ளுக்குள் சிலந்தி வலை மாதிரி வெடிக்கும். அந்த வெடிப்பை எந்தப் பாலிஷும் போக்காது.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்த உயிர் ஆபத்துக்கு வருகிறேன். தயவுசெய்து வீட்டில் உள்ள இளைஞர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஒரு சிறு கோப்பை, அதற்குள் மின்சாரச் சூடு, மூக்கு போன்ற குழாய். கோப்பையில் ஒரு திரவத்தை ஊற்றிச் சூடாக்கினால் குழாய் வழியே ஆவி வரும். அதை ஹெட்லைட் மீது காட்டினால் மங்கல் நொடியில் மறைந்து புதுக் கண்ணாடியாக மின்னும். பார்க்க மந்திரம் மாதிரிதான் இருக்கும். அந்தத் திரவம் பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் அல்லது குளோரோஃபார்ம் வகைக் கரைப்பான். பாலிகார்பனேட் அவற்றில் கரையும்; ஆவி பட்டதும் மேற்பரப்பு உருகிச் சமமாகிறது, அவ்வளவுதான்.

டைகுளோரோமீத்தேன் கொதிக்க 40 டிகிரி போதும். சித்திரை மாதம் பாலக்காட்டில் நிழலிலேயே அந்தச் சூடு உண்டு. டிக்கியில் வைத்த புட்டி தானாகவே அழுத்தம் ஏறி மூடியைத் தள்ளும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து தேங்கும். மூடிய போர்டிகோவிலோ ஷெட்டிலோ குனிந்து உட்கார்ந்து வேலை செய்கிறவர் அந்தத் தேக்கத்துக்குள்ளேயே மூச்சு விடுகிறார். தலை கிறுகிறுக்கும், நினைவு தப்பும். உள்ளே போனது உடம்பில் கார்பன் மோனாக்சைடாக மாறி இரத்தத்தின் ஆக்சிஜனைத் தடுக்கும். இதய நோய் உள்ளவர்களுக்கு அதுவே போதும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வீட்டு உபயோகத்துக்கு இந்தத் திரவத்தை விற்பதற்கு 2024இல் தடை விதித்தது. பெயின்ட் உரிக்க இதைப் பயன்படுத்திப் பலர் உயிரிழந்த பிறகு வந்த தடை அது.

குளோரோஃபார்ம் ஒருகாலத்தில் அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்த மருந்து. இதயத்தை நிறுத்துகிறது, கல்லீரலைக் கெடுக்கிறது என்று கைவிட்டார்கள். அதன் ஆவி தீயிலோ, சிவக்கச் சூடான கம்பியிலோ பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தாலும் ஆபத்துதான். மூக்கில் கட்டும் துணியோ, கொரோனா காலத்து முகக்கவசமோ இந்த ஆவியை ஒரு துளியும் தடுக்காது. புட்டியில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமலே விற்பதைக் கண்டால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் சூடாக்காதீர்கள், சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள். திறக்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், வெயில் படாமல் ஒதுக்கி வைத்து, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

இத்தனை ஆபத்துக்குப் பிறகும் அந்த மினுமினுப்பில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு எதுவும் இல்லை. மஞ்சள் திரும்ப வரும். ஆவி தாக்கிய பிளாஸ்டிக் உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கவும் செய்யும்.

அப்படியானால் வீட்டில் செய்யவே கூடாதா? செய்யலாம், பொறுமை இருந்தால். முதலில் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மங்கல் வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று விரலில் தண்ணீர் தொட்டுத் தடவிப் பாருங்கள். தண்ணீர் பட்ட இடம் சற்றுத் தெளிந்தால் மங்கல் வெளிப்புறம். தெளியவில்லை என்றால் உள்ளே ஈரம் கோத்திருக்கலாம், வெள்ளிக் கிண்ணமே கருகியிருக்கலாம். அதற்கு வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை.

வெளிப்புற மங்கல்தான் என்றால் விளக்கைச் சுற்றியுள்ள பெயின்ட் மீது மாஸ்கிங் டேப்பை இரண்டு மடங்கு ஒட்டுங்கள். ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் தருவார்கள். 800, 1000, 1500, 2000, 3000 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் வரிசையில் வாங்கிக்கொள்ளுங்கள். மங்கல் லேசாக இருந்தால் 1000இலிருந்தே தொடங்கலாம். தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் தேய்க்க வேண்டும். முதலில் மஞ்சள் தண்ணீர் வழியும். அது வெள்ளைப் பாலாக மாறினால் பழைய பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். எங்கேயாவது திட்டுத் திட்டாகப் பழைய பூச்சு மிச்சம் இருந்தால் புதுப் பூச்சு அந்த ஓரத்திலிருந்தே உரியும், ஆகவே இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழிக்கும்வரை விடாதீர்கள். பிறகு ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் துணியால் மெருகேற்றுங்கள். டிரில்லில் பஞ்சுச் சக்கரம் மாட்டினால் வேகத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்துங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும்.

பெரும்பாலோர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். விளக்கு பளபளக்கிறது, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் இப்போதுதான் அது மிகவும் பாதுகாப்பற்ற நிலையில் இருக்கிறது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் ஹெட்லைட் பூச்சு போட்டால்தான் வேலை முடிந்ததாகும். துணியால் தடவும் வகையில் வரும் பூச்சு வீட்டுக்கு ஏற்றது. பூசுவதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து விரல்ரேகை, எண்ணெய்ப் பசை எல்லாவற்றையும் நீக்குங்கள். இடுக்கிப் பக்கம் மஞ்சு இறங்கும் வேளையில் பூசினால் காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டி வெண்மையாகப் பூத்துவிடும். காய்ந்த காலைப் பொழுதைத் தேர்ந்தெடுத்து, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் முழுவதும் காயவிடுங்கள். கார் மெழுகு இந்தப் பூச்சுக்கு மாற்று ஆகாது.

ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியர் கோட் இன்னும் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதை வீட்டில் அடிக்க வேண்டாம். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். பெயின்ட் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் ஆஸ்துமாவுக்கு இது பெயர்பெற்ற காரணம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு இறுகும். பட்டறையில் கொடுத்தாலும், பெயிண்டர் தம்பி வெறும் முகத்தோடு அடிப்பதைப் பார்த்தால் தடுத்துச் சொல்லுங்கள். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் விளக்கு புதிதாகிவிடாது. அதே ஏஏஏ சோதனையில் மெருகேற்றிய விளக்குகள் சுமார் 70 சதவீத வெளிச்சம்தான் தந்தன, கண் கூச வைக்கும் சிதறலும் மிச்சம் இருந்தது. உள்ளே வெடித்தது, கிண்ணம் கருகியது, கீறல் ஆழமானது என்றால் செட்டையே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது நம் நாட்டுக்கான விளக்குதானா என்று பாருங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான செட்டை மாட்டினால் டிம் ஒளி எதிரே வருபவர் முகத்துக்கே போகும்.

சிலர் மூடியை அப்படியே விட்டுவிட்டு அதிக வாட் பல்பு மாட்டுகிறார்கள். 60/55 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 100/90. மங்கிய மூடியில் கூடுதல் ஒளி கூடுதலாகச் சிதறும். கூடுதல் சூட்டில் கிண்ணம் கருகும், ஹோல்டர் உருகும், வயர் பற்றும். ஹாலஜன் விளக்கில் சந்தை எல்இடி பல்பைத் திணிப்பதும் இதே கதைதான். இன்னும் சிலர் ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி விளக்கைப் பிரித்து உள்ளே துடைத்து ஒட்டுகிறார்கள். ஒட்டு சரியாக இல்லாவிட்டால் முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர் கோக்கும்.

இதையெல்லாம் யாராவது சோதித்துச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். 2022 அக்டோபர் 5 இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து கேஎஸ்ஆர்டிசி பேருந்தின் பின்னால் மோதி, பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேர் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அதற்குக் காரணம் வேகம். அதன் பிறகு கேரள மோட்டார் வாகனத் துறை சுற்றுலாப் பேருந்துகளின் கலர் விளக்குகளையும் கூடுதல் விளக்குகளையும் தேடித் தேடிக் கழற்றியது, நல்ல காரியம். ஆனால் கூடுதல் விளக்கு கண்ணில் படுவது போல மங்கிய விளக்கு யார் கண்ணிலும் படுவதில்லை. டாக்ஸிக்காவது எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்சி என்ற தகுதிச் சோதனை உண்டு. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதுவரை அதன் ஹெட்லைட்டை யாரும் கட்டாயமாகப் பார்க்கப்போவதில்லை. மஞ்சள் அதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

மெருகேற்றினாலும் மாற்றினாலும் கடைசியாக ஒளியின் உயரத்தைச் சரிபாருங்கள். சமதளத்தில் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் நடு உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே விழ வேண்டும். ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு திருகு இருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. பின்சீட்டில் ஆட்கள் நிறைந்து டிக்கியில் மூட்டையும் இருந்தால் வண்டியின் முகம் மேலே தூக்கும், ஒளியும் தூக்கும். திருகை 2இலோ 3இலோ வைத்து இறக்குங்கள். ஐந்து பேர் சபரிமலைக்குப் போகும் காரில் இதை யார் நினைக்கிறார்கள்?

இன்றிரவே போயாக வேண்டும், விளக்கோ மங்கல், வேறு வண்டியும் இல்லை என்பவர்களுக்கு: அடிவாரத்தில் தங்கிவிட்டு விடிந்தபின் ஏறுங்கள். கம்பத்திலும் போடியிலும் உடுமலையிலும் தங்க இடம் கிடைக்கும். ஏற்கெனவே மலையில் மாட்டிக்கொண்டிருந்தால் பல்பசையைத் தேடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் மூடியைக் கழுவித் துடைத்துவிட்டு, மஞ்சில் டிம்மிலேயே வைத்து, மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டாமல் வாருங்கள். அந்த வேகத்தில் ஈரச்சாலையிலும் 25 மீட்டருக்குள் வண்டி நிற்கும்.